இரண்டு நிமிடம் பதினோராவது விநாடி

மாமியாரும் மருமகளும் ஜோடியாக ஒரு துப்பறியும் நிலையத்துக்குள் நுழைந்தால், காணாமல் போனது அந்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும் என்று சின்னவன் முடிவு கட்டிவிட்டான். நோட்டைப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, கடைசியாக அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று அனுதாபமாகக் கேட்டான்.

"யாரு?" என்றாள் மருமகள்.

"உங்க வீட்டுக்காரர்."

"அவன் கீழே வண்டியில தூங்கறான்" என்றாள் மாமியார். "அவன் காணாமப் போயிருந்தா நாங்க இப்படிப் பதறி அடிச்சுட்டு வருவோமா?"

சின்னவனுக்கு அந்த அம்மாளை உடனே பிடித்துப்போயிற்று.

நிலையம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்க வந்து வழி தவறியவர்கள். மீதிப் பேர் அண்ணியைப் பார்க்க வருவார்கள். அண்ணி சின்னவனுடைய அண்ணன் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து, எந்தக் கடை தானாகத் தீப்பிடித்தது, எந்தக் கடை முதலாளியின் தீக்குச்சியால் பிடித்தது என்று பிரித்துச் சொன்னவள். அந்த வேலையை விட்டுவிட்டு இந்த நிலையத்தைத் தொடங்கினாள். பெயர்ப்பலகையில்கூட வெறுமனே 'அண்ணி' என்றுதான் இருந்தது. சின்னவனை உதவியாளன் என்று சொல்லிக்கொள்வார்கள். அவன் செய்யும் உதவி பெரும்பாலும் வாயால்தான்.

விஷயம் இதுதான். மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். குழுவின் பெயர் 'மூன்றாம் மாடி'. மருமகள் பாட்டு, மாமியார் டிரம்ஸ். மூன்றாம் மாடியிலேயே குடியிருந்த பல் டாக்டர் ஒருவர் கிடார். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற அவர், தன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. 'சாவியை எங்கே வச்சே' என்ற அவர்களுடைய முதல் பாட்டு, வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சியில் தொடர்ந்து ஏழு நாள் ஒலித்தது. எட்டாம் நாள் விளம்பர ஆய்வு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

புதிய குழு விளம்பரம் செய்துகொள்ளலாம், தப்பில்லை. ஆனால் முன்னும் பின்னும் 'இது விளம்பரம்' என்று சொல்லியாக வேண்டும். குழுவைச் சேர்ந்தவர்களோ, அவர்களிடம் காசு வாங்கியவர்களோ நேயர் வேஷம் கட்டிக் கடிதம் போட்டால் அது மறைமுக விளம்பரம். ஒரே ஒரு கடிதம் போதும், ஒரு வருஷத்துக்கு எந்த வானொலியிலும் பாட்டும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதாக வாரியத் தலைவருக்குச் சந்தேகம். நாங்கள் எழுதவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குழுவுடையது. விசாரணை அன்றைக்கே மாலை நான்கு மணிக்கு.

நோட்டீஸ் வந்து மூன்று நாளாயிற்று. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று அண்ணி கேட்டாள். எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகத் தங்கள் விளம்பர ஏஜென்ட் சொன்னார் என்றும், அவர் நோட்டீஸை மட்டும்தான் பார்த்தார் என்றும் மருமகள் சொன்னாள்.

"ஒரு வருஷம்தானே, போகட்டும்னு விட்டுட்டா என்ன?" என்றான் சின்னவன்.

மாமியார் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. நரம்புத் தேய்மானம். இன்னும் ஆறு, ஏழு மாதம் குச்சி பிடிக்கலாம், அப்புறம் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தடை முடியறப்போ நான் கரண்டி பிடிச்சாலே பெரிய விஷயம்" என்றாள். "அறுபது வயசுக்கு மேல ஒரு ஆசை வந்தது. வந்த ஆசையை ஒரு தடவையாவது மேடையில வச்சு அடிச்சுட்டுப் போயிடறேன்."

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை இல்லாமல் குழு இல்லை, தனக்குப் பாடவே வராது என்று சொன்னாள். குரல் சுமார்தான், ஏதோ டிரம்ஸ் காப்பாற்றுகிறது என்று மாமியார் திருத்தினாள். ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இன்றுவரை அத்தை வாயிலிருந்து 'சுமார்' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்ததில்லை என்று மருமகள் ஜன்னலிடம் சொன்னாள்.

கடிதங்களின் நகல்கள் வாரியத்தின் அரக்கு முத்திரையோடு ஒரு உறையில் இருந்தன. அதை மாமியார் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி கை நீட்டிய பிறகும் ஒரு கணம் கழித்துத்தான் கொடுத்தாள்.

"எல்லாத்தையுமா படிப்பீங்க?"

"அதுதாம்மா எங்க தொழில்" என்றாள் அண்ணி.

அவர்கள் போன பிறகு சின்னவன் நகல்களில் ஒரு பத்தைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டான். அண்ணி எல்லாவற்றையும் படித்தாள். பிறகு மருமகள் விட்டுப்போன சிடியைப் போட்டாள். புதிய குழு என்றால் வானொலியில் சரியாக இரண்டு நிமிடம்தான் ஒலிக்கலாம் என்று விதி. அந்த இரண்டு நிமிட வடிவம்தான் அது. யாரோ ஒரு பெண் வீட்டுச் சாவியைத் தேடு தேடென்று தேடி, கடைசியில் தன் இடுப்பிலேயே இருப்பதைக் கண்டுபிடிக்கிற பாட்டு. குரல் சுமாரெல்லாம் இல்லை. சின்னவன் தன்னை அறியாமல் பாக்கெட்டைத் தடவிச் சாவியைப் பார்த்துக்கொண்டான்.

"சிரிப்பு எங்கே தம்பி?" என்றாள் அண்ணி.

"எந்தச் சிரிப்பு?"

அவள் நகல்களை வரிசையாக மேஜையில் பரப்பினாள். ஒரு தையல்காரர் எழுதியிருந்தார்: இரண்டு நிமிடம் பதினோராவது விநாடியில் வரும் சிரிப்பு என் களைப்பைப் போக்குகிறது. ஓய்வு பெற்ற மாலுமி ஒருவர்: இரண்டு நிமிடம் பதினோராவது விநாடியில் அந்தப் பெண் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்திக்கும் அதே சிரிப்பு, அதே விநாடி. ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் அதுதான். ஆனால் வானொலியில் பாட்டு இரண்டாவது நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது.

"இல்லாத சிரிப்பை இத்தனை பேர் கேட்டிருக்காங்க" என்றான் சின்னவன். "இது பேய் அண்ணி. நம்ம துறை இல்ல."

அண்ணி மருமகளுக்குப் போன் போட்டாள். முழுப் பாட்டில் சிரிப்பு உண்டு என்றாள் மருமகள். பதிவு நடந்துகொண்டிருந்தபோது மாமியார் கையிலிருந்த குச்சி நழுவிப் பறந்து, எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்த கணவன் நெற்றியில் பட்டதாம். அதைப் பார்த்து மருமகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். நன்றாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். முழுப் பாட்டு இன்னும் வெளியாகவில்லை. அது வீட்டையும் பல் டாக்டரையும் தவிர ஏஜென்டிடமும் ஒலிப்பதிவாளரிடமும் மட்டும்தான் இருக்கிறது.

"அப்போ எழுதினது முழுப் பாட்டைக் கேட்ட ஆள்" என்றாள் அண்ணி, செருப்பை மாட்டிக்கொண்டே. "அதுவும் கடிகாரத்தை வச்சுட்டுப் பாட்டு கேக்கற ஆள். அப்படிப்பட்ட மனுஷன் ஒருத்தன்தான் இருப்பான். பிடிச்சுடலாம்."

விளம்பர ஏஜென்டை அந்த வட்டாரத்தில் 'தம்பட்டம்' என்று அழைப்பார்கள். அவருடைய அலுவலகத்தில் மூன்றாம் மாடிக் குழுவின் சுவரொட்டி ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. அதில் 'விளம்பரம்' என்ற எழுத்து ஒரு கதவளவு பெரிதாகவும், குழுவின் பெயர் கதவின் சாவித்துளை அளவிலும் இருந்தது. விளம்பரம் என்ற சொல், விளம்பரம் செய்யப்படுவதன் பெயரைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது என்பது வாரியத்தின் விதியாம். ஆசாமி பயந்துபோய் விதிக்கு வட்டியும் சேர்த்து அடித்துவிட்டார்.

"ஊர்ல பாதிப் பேர் குழுவோட பேரே விளம்பரம்னு நினைச்சுட்டிருக்காங்க" என்றார் தம்பட்டம் பெருமையாக. "பேர் நிக்குது பாருங்க, அதான் முக்கியம்."

கடிதங்கள் தன் வேலை இல்லை என்று சத்தியம் பண்ணினார். அவருடைய சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்பது சின்னவனுக்குத் தெரியும். ஆனால் அண்ணி சத்தியத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முழுப் பாட்டில் கடைசிப் பகுதி எப்படி என்று மட்டும் கேட்டாள்.

தம்பட்டம் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த அழுகை இருக்கே அண்ணி. அப்படியே நெஞ்சைப் பிழிஞ்சுடும்."

சின்னவன் இருமிக்கொண்டே மேஜையைப் பார்த்தான். முழுப் பாட்டின் சிடி அங்கேயே இருந்தது, மேல் காகிதம்கூடப் பிரிக்காமல். அதன் மேல் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் மட்டும் நாலைந்து இருந்தது.

வாசலுக்கு வந்ததும், "ஒரு ஆளைக் குற்றமற்றவன்னு நிரூபிக்க இவ்வளவு கேவலமான சாட்சியை நான் பார்த்ததில்ல" என்றான் சின்னவன். கேட்காத பாட்டை விற்கிறவர்தான் நல்ல ஏஜென்ட், கேட்டிருந்தால் கூச்சம் வந்துவிடும் என்று அண்ணி சமாதானம் சொன்னாள்.

ஒலிப்பதிவாளர் ஒரு அடித்தள அறையில் இருந்தார். வேலை இல்லாத நேரத்தில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்வது அவர் வழக்கம் என்பதால் அவரைப் 'பஞ்சு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வாசலில் நின்று கத்திப் பயனில்லை. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். சின்னவன் அதை ரசித்து ஏழெட்டு முறை செய்தான்.

பஞ்சு முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினார். சின்னவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குச்சி விழும் ஓசை, யாரோ "ஐயோ" என்பது, அதைத் தொடர்ந்து அந்தச் சிரிப்பு. முதலில் மூக்கால் அடக்கப் பார்த்து, அடங்காமல், பாட்டையே தள்ளிவிட்டுக்கொண்டு வருகிற சிரிப்பு. சின்னவனும் சிரித்துவிட்டான். சிரித்ததில் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனான். மறுபடி போடச் சொன்னார்கள்.

"ரெண்டு நிமிஷம் எட்டு விநாடி" என்றான். "ஆனா என் கடிகாரம் ஓசியில வந்தது. மூணு விநாடி முன்னே பின்னே இருக்கும்."

இயந்திரத்திலும் அதே எட்டுதான் காட்டியது. கடிதங்களில் பதினொன்று. அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லாப் பிரதியிலும் எட்டுதானா என்று கேட்டாள். எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள், அதெப்படி மாறும் என்று பஞ்சு கோபித்துக்கொண்டார். பிறகு காதைச் சொறிந்தபடி, ஒன்றே ஒன்று மட்டும் வேறு மாதிரி என்றார்.

விளம்பரத்தில் பாட்டின் நாலு வரி வருவதாக இருந்தால்கூட முழுப் பாட்டையும் வெட்டு ஒட்டு இல்லாமல் வாரியத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பிரதியின் தொடக்கத்தில், இது ஆய்வுக்கானது என்பதற்கு அடையாளமாக, ஒரு மணி ஓசை இருக்க வேண்டும் என்று விதி.

"எவ்வளவு நேரம்?" என்றாள் அண்ணி.

"மூணு விநாடி."

சின்னவன் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். பிறகு நம்பாமல் இன்னொரு கை விரலாலும் கூட்டிப் பார்த்தான். உலகத்தில் ஒரே ஒரு பிரதியில்தான் அந்தச் சிரிப்பு பதினோராவது விநாடியில் வருகிறது. அந்தப் பிரதி வாரியத்தின் அலமாரியில் இருக்கிறது.

வாரியத்தின் ஆய்வு அதிகாரிக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர். சோப்பு விளம்பரத்தில் குழந்தை அதிகம் சந்தோஷப்படுவதாக இரண்டு விநாடியை வெட்டியவர். சிமெண்ட் விளம்பரத்தில் யானையின் பிளிறல் உண்மையான யானையுடையதா என்று சான்றிதழ் கேட்டவர். அவர் அறைக்குள் அண்ணியும் சின்னவனும் நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். கழுத்தில் நிறுத்துகடிகாரம் தொங்க, காதில் ஹெட்போனோடு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மேஜையில் விசாரணைக் கோப்பு. பக்கத்துக் குப்பைத் தொட்டியில் கிழித்துப் போட்ட தாள்கள் நிறைய.

வரும் வழியில் மருமகளிடம் கேட்டு வாங்கியிருந்த வாரியத்தின் அனுமதிச் சான்றிதழை அண்ணி அவர் முன் வைத்தாள். அதில் அவர் கைப்பட ஒரு வரி இருந்தது: 2 நி. 11 வி. சிரிப்பு. ஆட்சேபணை இல்லை. அதன் பக்கத்தில் தையல்காரரின் கடிதத்தை வைத்தாள். அதன் பக்கத்தில் மாலுமியை வைத்தாள்.

கத்தரிக்கோல் மூன்றையும் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அதற்குள்ளிருந்து, எறும்பு பேசுகிற அளவுக்குச் சின்னதாக, அந்தப் பாட்டு கேட்டது.

"ஒவ்வொரு விளம்பரத்தையும் நான் மூணு தடவை கேக்கணும்" என்றார் மெதுவாக. "வார்த்தைக்கு ஒரு தடவை, சத்தத்துக்கு ஒரு தடவை, அர்த்தத்துக்கு ஒரு தடவை. இருபத்தாறு வருஷம். எண்ணெய், பற்பசை, டயர். எல்லாத்துலயும் யாராவது சிரிப்பாங்க. எல்லாம் காசு வாங்கிட்டுச் சிரிக்கற சிரிப்பு. கேட்டதுமே எனக்குத் தெரியும். இந்தப் பொண்ணு சிரிச்சப்போ... இது ஓசியில சிரிக்குதுன்னு தெரிஞ்சது. நாலாவது தடவையும் கேட்டேன். விதியில அதுக்கு இடமே இல்ல."

வீட்டுக்குப் போயும் கேட்க வேண்டும் போல இருந்ததாம். அலுவலகப் பிரதியை வெளியே எடுத்துப் போகக் கூடாது. வானொலியில் போட்டால்தான் உண்டு. இரண்டு நிமிட வடிவத்தில் சிரிப்பு இல்லை என்றாலும், அது வருகிற வழியையாவது கேட்கலாம் அல்லவா? ஆனால் ஒரு நாளைக்கு ஆறு கடிதமாவது வந்தால்தான் ஒரு பாட்டை மறுநாளும் போடுவார்கள். ஆகவே இடது கையாலும் வலது கையாலும் பென்சிலாலும் பேனாவாலும் தினமும் ஆறு எழுதியிருக்கிறார். ஏழு நாள் எழுதினார். பெயர் போட்டால் பொய்யாகிவிடும் என்று தொழிலை மட்டும் போட்டாராம்.

"விதியை மீறறதுலகூட விதிப்படிதான் போயிருக்கீங்க" என்றான் சின்னவன். அவனுக்குக் கிண்டல் பண்ண வந்த வாய் பாதியில் அடங்கிவிட்டது.

காசு வாங்கினீர்களா, அந்தக் குழுவை நேரில் தெரியுமா என்று அண்ணி கேட்டாள். இரண்டும் இல்லை. அப்படியானால் இவை விளம்பரமே இல்லை, ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். குழு தப்பித்துவிடும். ஆனால் ஆய்வு செய்த எதைப் பற்றியும் ஆய்வு அதிகாரி வெளியே நல்லதாக ஒரு சொல் சொல்லக் கூடாது. அவர் தப்ப முடியாது. அதை ஒப்புக்கொண்டு நான்கு முறை கடிதம் எழுதி நான்கையும் கிழித்துப் போட்டதாகக் குப்பைத் தொட்டியைக் காட்டினார். ஐந்தாவதை விசாரணையில் வாயாலேயே சொல்லிவிடுகிறேன் என்றார். சொன்னதும் அவர் தோள் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது.

சின்னவன் சோம்பல் முறித்தான். வழக்கு முடிந்தது, மணி மூன்றுகூட ஆகவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லணும்" என்றார் கத்தரிக்கோல், வெட்கத்தோடு. "நான் எழுதினது நாற்பத்திரண்டு. கோப்புல நாற்பத்து மூணு இருக்கு. ஒண்ணு என்னோடது இல்ல. நிஜமான நேயர் யாரோ. அதைப் பார்த்த அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல. நான் மட்டும் பைத்தியம் இல்ல பாருங்க."

அண்ணி நகல் கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். காலையிலேயே தனியாக மடித்து வைத்திருக்கிறாள் என்பதைச் சின்னவன் அப்போதுதான் கவனித்தான். கோணல்மாணலான கையெழுத்து. விநாடி இல்லை, சிரிப்பு இல்லை.

'பாடும் பெண்ணின் குரல் மாதிரி ஒரு குரலை நான் கேட்டதில்லை. இதை அவளிடம் யாராவது சொல்லவும். டிரம்ஸ் சத்தம் மட்டும் போதவில்லை, கூட்டி வைக்கவும். இப்படிக்கு, பொதுஜனம்.'

"டிரம்ஸ் போதலையாமே" என்று சிரித்தான் சின்னவன். "அந்தப் பாட்டைக் கேட்டுட்டு டிரம்ஸ் போதலைன்னு சொல்லக்கூடிய ஒரே ஆள்..."

வாய் திறந்தபடி நின்றுவிட்டது. கட்டுப் போட்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. இடது கையால் எழுதினால் எழுத்து கோணலாகத்தான் வரும்.

மூன்று பேரும் அந்தத் தாளையே பார்த்தார்கள். வேஷம் போட்டு எழுதிய நாற்பத்திரண்டு கடிதமும் சட்டப்படி சுத்தம். மனதில் இருந்ததை எழுதிய ஒரே கடிதம்தான் குற்றம். ஒன்று போதும் என்று விதி சொல்கிறது. கட்சிக்காரரைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள், நாலு படி ஏறி இறங்கி, கட்சிக்காரரையே பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். காலையிலேயே சந்தேகம் இருந்ததா என்று சின்னவன் கேட்டான். இருந்தது, அது தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் அலைந்தேன் என்றாள் அண்ணி.

கத்தரிக்கோல் கடிதத்தை இன்னும் ஒரு முறை படித்தார். வார்த்தைக்கு, சத்தத்துக்கு, அர்த்தத்துக்கு என்று மூன்று முறை படித்தார். பிறகு கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, ஒரு மின்விசிறி, இருபது நாற்காலி. தலைவர் கண்டிப்பான அம்மாள். அவருக்கு எதிரே மருமகள், மாமியார், பல் டாக்டர். கணவன் கடைசி வரிசையில் தூங்கினான். தம்பட்டம் எல்லோரிடமும் கை குலுக்கினார். எது எப்படிப் போனாலும் நாளைக்குப் பேப்பரில் குழுவின் பெயர் வரும் என்பது அவர் கணக்கு.

குற்றச்சாட்டைப் படிக்கக் கத்தரிக்கோல் எழுந்தார். படிக்கவில்லை.

"இந்தக் கடிதங்களை எழுதினது நான்" என்றார். "யாரும் காசு கொடுக்கல. இவங்களை இன்னைக்குத்தான் நேர்ல பார்க்கறேன். பாட்டு பிடிச்சிருந்தது."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, எத்தனை என்று கேட்டார். சின்னவன் மூச்சை அடக்கிக்கொண்டான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு விநாடிகூடக் கூட்டிச் சொல்லாத மனிதர்.

"நாற்பத்து மூணும்."

தலைவர் கட்டைப் புரட்டினார். கோணல் எழுத்துத் தாளில் நின்றார். டிரம்ஸ் சத்தம் போதவில்லை என்று எழுதியதும் இவர்தானா? சத்தம் அதிகம் என்று நூற்றுக்கணக்கான விளம்பரங்களில் மேளத்தை வெட்டியவர் இவர்தானே?

"டிரம்ஸ்னா எனக்கு உயிர்" என்றார் கத்தரிக்கோல், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "வேலைக்காக மறைச்சு வச்சிருந்தேன்."

மாமியார் எழுந்துவிட்டாள். "அந்த ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். சின்னவன் தன் முழங்கையால் மேஜையில் இருந்த தண்ணீர் ஜாடியை வெகு அழகாகத் தட்டிவிட்டான். தண்ணீர் தலைவரின் கோப்பை நோக்கி ஓட, எல்லோரும் கைக்குட்டையோடு பாய்ந்தார்கள். அந்த அமளியில் அண்ணி மாமியாரின் கட்டுப் போட்ட கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இந்தக் கையை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று காதோரம் சொன்னாள். மாமியார் உட்கார்ந்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் வந்தது. குழுவின் மேல் குற்றம் இல்லை. ஆய்வு அதிகாரி ஒரு வருஷத்துக்கு எதையும் கேட்கக் கூடாது, ஆவண அறைக்கு மாற்றம். கத்தரிக்கோல் கழுத்திலிருந்த நிறுத்துகடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். லீவு கிடைத்த மனிதரின் முகம்தான் அவருக்கு இருந்தது.

தாழ்வாரத்தில் நகல் கட்டு மருமகள் கைக்குத் திரும்பி வந்தது. தன்னைப் புகழ்ந்து எழுதிய எழுத்துகளை அவள் முதல் தடவையாகப் பிரித்துப் பார்த்தாள். தையல்காரருக்குச் சிரித்தாள், மாலுமிக்குச் சிரித்தாள். அப்புறம் ஒரு தாளில் நின்றுவிட்டாள். இந்த நாலு மாதமாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தினமும் ஒட்டியிருக்கும் சாமான் பட்டியலின் எழுத்து அது. அவள் இரண்டு முறை படித்தாள். சின்னவன் என்ன சொல்வது என்று தெரியாமல் வேறு பக்கம் பார்த்தான். அவன் வாழ்க்கையில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

மருமகள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். படிக்கட்டருகே நின்ற மாமியாரிடம் போய், அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அத்தை, அடுத்த பாட்டுல டிரம்ஸைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லட்டுமா?"

மாமியார் கைப்பிடியைப் பிடித்து இரண்டு படி இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கூட்டச் சொல்லு" என்றாள். "ஆனா உன் குரலை யாராவது குறைச்சாங்கன்னா நான் வாசிக்க மாட்டேன்."